பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

1

இந்தக் கதை தேநீர் குடிக்கும்போது எனக்குக் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தின் பின்புற மாடி அறை. குடியை விட முயல்பவர்கள் வாரம் ஒரு மாலை அங்கே தமிழில் கூடுகிறார்கள். நானும் அங்கே ஒரு கதிரையில் இருப்பவன். அறையில் கேட்டதை அறையிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. ஆகவே பெயர்களை மாற்றினேன். தொழிலை மாற்றினேன். ஊரை மாற்றினேன். ஒரு கேள்வியை மட்டும் மாற்ற முடியவில்லை. அதை மாற்றினால் கதை இல்லை.

2

முதல் தொடக்கம்:

மழை விடாது பெய்த ஒரு மாலையில் ஜனா கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு

(மழை பெய்யவில்லை. தயக்கம் வந்தால் நான் மழையைக் கூப்பிடுவேன்.)

இரண்டாவது தொடக்கம்:

ஜனா வெள்ளவத்தையில் இருக்கிறான். பம்பலப்பிட்டியில் கணக்காளன். ஒருநாள் அவன் மனைவி ஆரணி சண்டை பிடிப்பதை நிறுத்தினாள். மகளின் உடுப்புகளைப் பையில் அடுக்கிக் கதவருகே வைத்தாள்.

"இனி ஒருக்கா சாராயம் மணத்தா, நாங்கள் வத்தளைக்கு அண்ணாவிட்டப் போறம்."

பை அங்கேயே இருந்தது. மகளின் பாடசாலைச் சட்டையை ஒவ்வொரு காலையும் அதற்குள்ளிருந்தே எடுத்தாள்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

வெள்ளவத்தையிலும் ஒரு கூட்டம் உண்டு. ஜனா அதன் வாசல்வரை போனான். எதிர்க் கடையில் ஆரணியின் சித்தி மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றாள்.

"என்ன தம்பி, இந்தப் பக்கம்?"

"சும்மா, சித்தி."

அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு திரும்பி வந்தான்.

பிறகுதான் கொட்டாஞ்சேனை. நகரத்தின் மறுமுனை; தெரிந்த முகம் இராது என்று நினைத்தான். அதே காரணத்துக்காக றிகாஸ் தெஹிவளையிலிருந்து வருகிறார். அன்றைய கூட்டத்தை நடத்தியவர் அவர்.

"சேர்ச்சுக்குள்ள வந்து முஸ்லிம எவன் தேடப் போறான்?" என்றார் ஜனாவிடம். "எங்கட ஆள் ஒருத்தன் கண்டாலும் பிரச்சின இல்ல. அவனும் ஒளிச்சுத்தான் வந்திருப்பான்."

ஜனா சிரித்தான்.

[இந்தச் சிரிப்பை இரண்டு வரைவுகளில் வெட்டினேன். பிறகு வருவதற்கு இது பொருந்தவில்லை. ஆனால் சிரித்தான்.]

தன் முறை வந்தபோது, "நான் ஜனா" என்றான். அதற்குமேல் வரவில்லை.

"போதும்" என்றார் றிகாஸ். "மிச்சத்த அடுத்த கிழம சொல்லுங்க."

4

தேநீர் ஊற்றியவர் பாலசுந்தரம். அறுபதைக் கடந்தவர். குடியை விட்டுப் பல வருடமாகிறது. அதற்கு முன்பே குடும்பம் அவரை விட்டுவிட்டது. அவரைக் கெட்டவராக்கி ஒரு வரைவு எழுதினேன். கதை இலகுவாகியது. கிழித்துவிட்டேன்.

"தம்பி எவடம்?"

"வெள்ளவத்தை."

"அது இப்ப இருக்கிற இடம். ஊர்?"

"கொக்குவில்."

"கொக்குவில்ல எவடம்?"

இங்கே ஜனாவைப் பொய் சொல்ல வைக்க முயன்றேன். முடியவில்லை. இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு வராது. மனைவியிடமும் அலுவலகத்திலும் பொய்யிலேயே வாழ்ந்த குடிகாரனுக்கும் வராது. கோயிலைச் சொன்னான். வீடு இருந்த ஒழுங்கையைச் சொன்னான்.

"அட, கனகசபை மாஸ்டரின்ர மகனோ நீர்? அவரிட்டத்தானே நான் கணக்குப் படிச்சனான்." பாலசுந்தரத்தின் கண் கலங்கியது. "அம்மா இருக்கிறாவோ?"

"ஊரில. இருக்கிறா."

றிகாஸ் கோப்பையுடன் வந்தார். "ஐயா, இங்க ஊர் கேக்கிறல்ல."

"அன்பிலதானே கேட்டனான்."

"விளங்குது. அதாலதான் கேக்க வாணாம்."

ஜனா தன் கோப்பையைக் கழுவினான். கவிழ்த்து வைத்தான். போனான். அடுத்த கிழமை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

5

பாலசுந்தரம் என்னிடம் வந்தார்.

"நீர் கதை எழுதுறனீர். ஒரு வழி சொல்லும்."

கொக்குவிலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் ஜனாவைப் பிடித்துவிடலாம். அவனைத் துரத்திய அதே கேள்வி அவனைத் தேடவும் உதவும். ஆனால் மறுமுனையில் பேசப்போவது தாய். மகன் குடிப்பது அவளுக்குத் தெரியாது.

முடிவு ஒன்று: பாலசுந்தரம் அழைப்பு எடுக்கிறார். மாஸ்டரின் பழைய மாணவன் என்கிறார். தாய் மகிழ்கிறாள். "என்ர பிள்ளைய எங்க கண்டனீங்கள்?" என்கிறாள். அவருக்கும் பொய் வரவில்லை.

முடிவு இரண்டு: எடுக்கவில்லை. ஒரு கதிரையை வெறுமையாக வைத்துக் காத்திருக்கிறோம். ஜனா படியேறி வருகிறான். (இதைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு தடவையும் பாதிப் படியில் நின்றுவிடுகிறான்.)

முடிவு மூன்று: பாலசுந்தரம் இப்போது பத்திரிகையை மரண அறிவித்தல் பக்கத்தில் திறந்து ஜனாவைத் தேடுகிறார். ஊர், தகப்பன், மனைவி, பிள்ளை: யாரும் கேட்காமலே அங்கே எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். கூட்டத்துக்கு வந்ததும் எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார். "இண்டைக்கும் இல்லை."

6

நீங்கள் எங்கள் ஆள் என்றால், எந்தக் கனகசபை மாஸ்டர் என்று இதற்குள் யோசித்திருப்பீர்கள். ஊரை மாற்றிவிட்டேன் என்று சொன்ன பிறகும்.

அதை விடுங்கள். அவன் படியில் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் நீங்கள் ஏறி வருகிறீர்கள். ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவது முடிவு நடக்கலாம். மூன்றாவதற்கான மரண அறிவித்தலில் நான் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்:

கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட