வண்டிப் பெட்டியில் இருந்த போர்வை

பனி உருகிய நீரைச் சுமந்து கலங்கி ஓடும் ஆற்றங்கரையில், செங்கல் மாடிவீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் கனடாவின் மொன்ட்ரியால்-நோர் நகர்ப்பகுதியின்மீது, இளவேனிற் சனிக்கிழமையின் காலை வெயில் மெல்ல விரிந்திருந்தது. மாதா கோவில் மணி ஒலிக்க, பட்டும் பொன்னும் மின்ன, யாழ்ப்பாணத்தாரும் மன்னாரில் பிறந்தாரும் படியேறினர். மணமகன் றூபனின் தாய் அஞ்சலீனா மட்டும் வண்டியின் பின்பெட்டியைத் திறந்தபடி நின்றாள்.

அவள் கையில் ஒரு கருநீலப் போர்வை இருந்தது. மெக்சிகோ நாட்டுப் புரேபெச்சா மலையூர் ஒன்றில், மணமகள் யுரிட்சியின் தாய் எல்பீதியா, இடுப்பில் வாரால் பிணைத்த தறியில் நான்கு திங்கள் இருந்து நெய்து, தொங்கல் நூல்களில் பறவை இறகுகளை முடைந்து கொணர்ந்தது அது. சம்பந்தியம்மாள் அதனைத் திருமண நாளில் தோளில் இட்டால் இரு வீடும் ஒரு வீடாகும் என்பது எல்பீதியா குடும்பத்தின் வழக்கம்.

"மச்சாள், உது செத்தவீட்டுக் கறுப்பெல்லே? உதோடை முன்வாங்கிலை இருந்தால் சனம் என்ன கதைக்கும்?" என்றாள் கணவனின் தங்கை றெபேக்கா.

அஞ்சலீனா படியேறும் சனத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். போர்வையை மடித்துக் காலணிப் பைக்கு அடியில் வைத்து மூடினாள். சாமான் இறக்க வந்த றூபன் அதைக் கண்டான்.

அந்நேரம் எல்பீதியா வந்தாள். அஞ்சலீனா பரிசளித்த மாம்பழ வண்ணச் சேலையை, உடுத்திக் காட்ட ஒருவரும் வராமையால், தன் ஊர்ப் பாவாடையைப்போல் கொசுவம் முழுவதையும் பின்புறம் அடுக்கி, நெய்த கச்சையால் இறுக்கி, தன் பழைய கரும்போர்வையைத் தோளில் இட்டிருந்தாள்.

"கொசுவம் முன்னுக்கு வராமல் பின்னுக்கே நிண்டிட்டுது போல," என்று றெபேக்கா முணுமுணுத்தாள்.

எல்பீதியாவின் கண்கள் அஞ்சலீனாவின் வெறுந்தோளில் படிந்தன. அவள் தன் மொழியில் எதையோ கேட்டாள்.

"போர்வை எங்கை எண்டு கேக்கிறா, அம்மா," என்றான் றூபன்.

"வீட்டிலை மறந்துபோய் விட்டிட்டன் எண்டு சொல்லு, தம்பி."

றூபன் தாயின் முகத்தை நோக்காமலே அப்பொய்யை மொழிபெயர்த்தான். எல்பீதியா சிரித்தாள்; தன் தோளிலிருந்த போர்வையைக் களைந்து, உடற்சூடு ஆறுமுன் அஞ்சலீனாவுக்குப் போர்த்தி, விளிம்பைச் சரிசெய்தாள்.

"மறதி எல்லாருக்கும் வாறதுதானாம்," என்றான் றூபன்.

அன்றைய படத்தைக் காண்போர், வேற்றூர் ஆடையை மதித்து அணிந்த தாயென்று அவளைப் புகழ்வர். புகழ்மொழி எழும்போதெல்லாம் அவள் தலை தாழ்கிறது. இறகு முடைந்த போர்வையோ, வண்டிப் பெட்டியில் வைத்த அதே மடிப்புக் குலையாமல் அவள் வீட்டில் இருக்கிறது. அதை விரிக்க அவளுக்கு இன்னும் கை எழவில்லை.