ரத்தான சாவி

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்துச் சோதனை அறிக்கைகளைச் சரிபார்த்து, தன் பெயரிலுள்ள டிஜிட்டல் சாவியால் கையெழுத்துப் போட்டு அனுப்புவது எவாஞ்சலினின் வேலை. தீபாவளி சீசனில் கணினியின் கறுப்புத் திரையில் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்து விரல் மரத்துப் போகும். காய்ச்சலில் கிடந்தபோது மேனேஜர் முனியராஜ் போனில் கெஞ்சவே, சாவியின் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டாள்.

வேலைக்குத் திரும்பிப் பார்த்தால், சோதனையே நடக்காமல் அன்று காலை கிளம்பிய லோடுக்கு அவள் கையெழுத்து விழுந்திருந்தது.

"இதை யாரு போட்டது சார்?"

"லாரி காத்துக் கெடந்துச்சும்மா. நீங்க காய்ச்சல்ல இருந்தீக."

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. உட்கார்ந்து, தன் சாவியை ரத்து செய்து, அதில் போட்ட கையெழுத்து எதுவும் இனிச் செல்லாது என்று சரக்கு வாங்குகிறவர்களுக்கெல்லாம் தகவல் அனுப்பினாள்.

"அம்புட்டு ஆர்டரும் நின்னுபோகுமேம்மா" என்றார் முனியராஜ்.

"நிக்கட்டும் சார். மொதல்ல அந்த லாரியத் திரும்பக் கூப்பிடுங்க."

முனியராஜ் டிரைவருக்குப் போன் போட்டார். லாரி மதுரையைத் தாண்டுமுன் திரும்பியது.

எவாஞ்சலின் புதுச் சாவி உருவாக்கினாள். பழைய கையெழுத்து எதையும் இனி யாரும் நம்பப்போவதில்லை; எல்லா அறிக்கையையும் மறுபடி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சீசனின் முதல் அறிக்கையைத் திறந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் வாசிக்கத் தொடங்கினாள்.