முச்சை இல்லாத பட்டம்

கொழும்புத்துறைக் கடற்கரையில் சிலையாக நிறுத்தியிருந்த சீமெந்துப் பெட்டை, திறப்பு விழா முடிந்து மூன்றாம் நாள் காலை வாயை மூடிக்கொண்டாள். அன்று வியாழக்கிழமை. வாடைக்காற்று பலமாக இருந்ததால் நண்டு அவ்வளவாகப் படவில்லை. கரைக்கு வந்த வள்ளக்காரர்கள் இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வலையைக் காயப்போட்டார்கள்.

சிலையைச் செய்தவன் ஜெறோம். இந்த ஊரில் பிறந்து, பதினேழு வயதில் பிரான்சுக்குப் போய், ஐம்பத்தொரு வயதில் சிற்பியாகத் திரும்பி வந்தவன். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வையோடு திரிந்தான். சின்ன வயதில் விளையாடியதையெல்லாம் பெருப்பித்துச் செய்து வெளியில் வைப்பதுதான் தொழிலாம். பனங்காய் வண்டில் ஒன்றை லொறியளவுக்குச் செய்து சந்தியில் விட்டான்; வெறிகாரர் அதில் ஏறிப் படுத்தார்கள். கடற்கரையில் வைத்ததற்கு 'என் முதற் பட்டம்' என்று பெயர். ஒரு தொன் எடையில் எட்டு மூலைச் சீமெந்துப் பட்டம், இரும்புத் தூணின் உச்சியில். கீழே ஒரு சீமெந்துப் பெடியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தான். ஓரத்தில் ஒரு பெட்டை கைதட்டியபடி வாயைப் பிளந்து நின்றாள். பித்தளைத் தகட்டில் இப்படி இருந்தது: 'பட்டம் கட்டி ஏற்றியவன் ஜெறோம். வேடிக்கை பார்த்தவள் ஸ்ரெல்லா.'

ஸ்ரெல்லா இன்னும் உயிரோடு, அதே ஊர்ச் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். திறப்பு விழாவன்று தகட்டை இரண்டு தரம் வாசித்தாள். எண்பத்து நாலாம் ஆண்டு, பதினொரு வயதில், ஈர்க்கு வளைத்து, கடுதாசி ஒட்டி, தகப்பனின் வலைநூலைக் களவெடுத்து அந்தப் பட்டத்தைக் கட்டியவள் அவள். ஏற்றியவளும் அவள்தான். கொஞ்ச நேரம் பிடித்துப் பார்க்கத் தா என்று அழுதவன் ஜெறோம். கொடுத்த கையோடு நூலைக் கைவிட்டான். பட்டம் கடலுக்கு மேலால் போய் மறைந்தது. அவளின் தகப்பனிடம் போய், ஸ்ரெல்லாதான் நூலை எடுத்தாள் என்று சொன்னவனும் அந்தத் துரைதான். அவளுக்கு விழுந்த அடி ஒரு பக்கம், பெட்டைக்கு என்ன பட்டம் என்று அதோடு அந்த விளையாட்டே நின்று போனது மறுபக்கம். நாற்பது வருசம் கழித்து வந்து, அவளை வாய் பிளக்க வைத்து, பெயரும் எழுதிவிட்டுப் போகிறான். சந்தையில் மீன் வாங்க வந்தவர்கள், "வேடிக்கை பாத்தவ, பாரையிலை ஒரு கிலோ வெட்டுங்கோ" என்றார்கள்.

சீமெந்துப் பெட்டையின் வாய் மூடியதும் ஜெறோம் உளியோடு வந்து அதைத் திறந்தான். மறுநாள் மூடியிருந்தது. மூன்று தரம் திறந்தான், மூன்று தரமும் மூடிக்கொண்டாள். நாலாம் தரம் அவள் கைகளையும் கீழே இறக்கிவிட்டாள். உப்புக்காற்றுக்குச் சீமெந்து இறுகும் என்று ஜெறோம் பத்திரிகைக்காரருக்கு விளக்கம் கொடுத்தான். அவர்களும் பெரிய எடுப்பில் அதைப் போட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்த ஸ்ரெல்லா சிலையடியில் நின்று பட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். கயிறு நேரே பட்டத்தின் நடுவிலிருந்த ஓட்டையில் கட்டியிருந்தது.

"முச்சையை எங்கை காணேல்லை?" என்றாள்.

"எந்த முச்சை?" என்றான் உளியோடு அங்கே நின்ற ஜெறோம்.

பட்டத்தின் நெஞ்சில் மூன்று நூலைக் கட்டி ஒரு முடிச்சில் சேர்ப்பதுதான் முச்சை. அது இல்லாவிட்டால் பட்டம் குத்துக்கரணம் அடித்து விழும். யாழ்ப்பாணத்தில் பட்டம் கட்டிய எவரும் அதை மறக்கமாட்டார்கள். கட்டாதவனுக்குத்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சுற்றி நின்ற சனம் ஆளையாள் பார்த்தது.

"ஸ்ரெல்லா, கலையிலை நினைவு எண்டது ஒரு விளையாட்டு. அதுக்குக் கணக்குவழக்குப் பாக்கக் கூடாது."

"விளையாட்டெண்டா விளையாடத் தெரியவேணும். உனக்கு அண்டைக்கும் தெரியாது, இண்டைக்கும் தெரியாது. விலகு."

கோயில் ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, பூசைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். வள்ளக் கயிற்றில் முச்சை கட்டினாள். பார்சல் நாடாவை ஒரு கம்பில் வில்லுப்போல இழுத்துக் கட்டி, காற்றில் கூவுவதற்கு விண்ணும் பூட்டினாள். அவள் இறங்கி நாலடி வைப்பதற்குள் ஒரு தொன் சீமெந்து தூணைவிட்டுக் கிளம்பி, இடமும் வலமுமாக ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, வாடைக்கு முகம் கொடுத்து மேலே போனது. சனம் அதைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தபோது கயிறு சீமெந்துப் பெட்டையின் கையில் இருந்தது. பெடியன் கைதட்டியபடி வாயைப் பிளந்து நின்றான்.

ஜெறோம் அந்த வாயை மூன்று தரம் பூசி அடைத்தான். சீமெந்து காய்ந்து காய்ந்து உதிர்ந்தது. கடைசியில் ஒரு காகம் அதற்குள் கூடு கட்டியது. அவன் சந்தைக்கு வந்து, சால்வையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மீன் வெட்டும் பலகைக்கு முன்னால் நின்றான். ஸ்ரெல்லா நிமிரவில்லை.

"தகட்டை மாத்திப்போட்டு வா" என்றாள்.

மாற்றினான். 'பட்டம் கட்டி ஏற்றியவள் ஸ்ரெல்லா' என்று புதுத் தகட்டில் எழுத்து வெட்டிய தம்பிராசா, "உங்களுக்கு என்ன போடுறது?" என்று கேட்டான். ஜெறோம், "நூலைக் கைவிட்டவன் எண்டு போடு" என்றான். ஸ்ரெல்லா போய் அதையும் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு பட்டத்தைப் பார்த்து, இடப்பக்கம் கொஞ்சம் சரியுது என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குத் திரும்பினாள்.

விண் கூவுகிற கூவலில் பூசையில் பிரசங்கம் கேட்பதில்லை. சாமியார் அதைச் சுருக்கிக்கொண்டார், ஒருவரும் முறைப்படவில்லை. வைகாசியில் தெற்கிலிருந்து சோளகக் காற்று பிறந்ததும் பட்டம் கடற்பக்கம் விட்டு ஊர்ப்பக்கம் திரும்பியது. நிழல் விழுந்து உடுப்புக் காயவில்லை என்று, கரையோர வீட்டுக்காரர்கள் கொடிக்கயிற்றை இடம் மாற்றிக் கட்டினார்கள்.