உடன் வந்தவர் பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு லாட்ஜில் கிடைத்தது. 1963 மே மாதம், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு அருகில். லாட்ஜின் பெயர் வேண்டாம்; அந்த இடத்தில் பிறகு செருப்புக் கடை வந்துவிட்டது. ஒரு பெண் தனியாக வந்து ரூம் கேட்டாள். பத்து நிமிஷம் நின்றாள். போய்விட்டாள். என் கையில் இருக்கும் சரக்கு இவ்வளவுதான். மீதியை நான் உண்டாக்கியாக வேண்டும். உங்கள் கண் முன்னாலேயே உண்டாக்குகிறேன், பார்த்துக்கொண்டிருங்கள்.

முதல் வரிக்கே இரண்டு நாள் போய்விட்டது.

"வெயில் தாழ்ந்த நேரத்தில் சண்முகவள்ளி பஸ்ஸை விட்டு இறங்கியபோது" (இறங்கியபோது என்ன? பாதிக் கதைகளில் யாராவது பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விட்டுவிட்டேன்.)

"சீனச் சண்டையில் தம்பியைப் பறிகொடுத்த சண்முகவள்ளி, அவனுடைய பட்டாளத்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு" (இது பொய். தம்பி சௌக்கியமாக இருக்கிறான். பை நைந்துபோனதால் அக்காவிடம் தள்ளிவிட்டான்.)

அந்தத் தம்பியை நான் ஏன் கொன்றேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பெண் தனியாக ஊர் ஊராகப் போகிறாள் என்றால் ஏன் என்று கேட்பீர்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் உங்கள் வாய் அடைத்துவிடும். அதற்காகத்தான் கொன்றேன். மன்னிக்கவும், அவன் பிழைத்துக்கொண்டான்.

2

சண்முகவள்ளிக்கு முப்பத்து நான்கு வயது. அருப்புக்கோட்டையில் ஆரம்பப் பள்ளி டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. (ஏன் ஆகவில்லை என்று எழுதிய அரைப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன். உங்களுக்கும் எனக்கும் அது சம்பந்தமில்லாத விஷயம்.)

கோடை லீவில் பன்னிரண்டு நாள் தன்னந்தனியாகச் சுற்றுவது என்று கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூடத்து மேப்பில் குச்சியை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிய ஊர்களைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். திருச்சியில் ஒரு சத்திரம். கோயிலுக்கு வந்த கூட்டத்தின் ஓரத்தில் படுத்துக்கொண்டாள். கரூரில், முன்பு தன்னோடு வேலை பார்த்த டீச்சரின் வீடு. அங்கே சாப்பாடு நன்றாக இருந்தது, ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வரன் சொன்னார்கள்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் நடுக்கூடத்தில்தான் படுத்திருக்கிறாள். தலைமாட்டில் எப்போதும் யாராவது நடந்துகொண்டிருப்பார்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையில், ஒரே ஒரு ராத்திரி, யாரும் கூப்பிடாமல் தூங்கி எழ வேண்டும். திண்டுக்கல்லில் அதை முடித்துவிடுவது என்று இருந்தாள்.

(இந்த ஆசையை நான் ஊகித்துத்தான் எழுதுகிறேன். ஆனால் ஆதாரம் இல்லாமல் இல்லை. கீழே வருகிறது.)

3

மேஜைக்குப் பின்னால் லாட்ஜ் கிளார்க். பெயர் கிதர் முகம்மது. இருபத்திரண்டு வயது. நல்ல பிள்ளை. (இப்படி எழுதிவிட்டு அதையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆளுக்கு நான் வேண்டாத சலுகை காட்டுகிறேன்.)

ரிஜிஸ்தரை அவள் பக்கம் திருப்பி வைத்தான். பெயர், ஊர், தொழில் எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள். "உடன் வந்தவர் பெயர்" என்ற கட்டத்தில் "இல்லை" என்று போட்டாள். "வந்த காரணம்" என்பதில் "ஊர் பார்க்க."

"ரூமுக்கு உள்ள தாப்பா இருக்குமா தம்பி? நல்லா விழுமா?" என்று கேட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கூட யாரும்மா?"

"யாருமில்ல. நான் மட்டுந்தேன்."

"சார் பின்னால வாராரா?"

"எந்தச் சாரு?"

அவன் ரிஜிஸ்தரை ஒரு முறை படித்தான். "ஊர் பாக்கன்னு எழுதியிருக்கீக. திண்டுக்கல்லுல பாக்க என்னம்மா இருக்கு?"

"மலைக்கோட்டை இருக்குல்ல? காலையில ஏறிப் பாத்துட்டு, தாடிக்கொம்பு போயிட்டு, அப்படியே பழனிக்கு பஸ் ஏறிருவேன்."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதேன்."

லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. குடும்பமாக வருகிறவன் கோயிலுக்கு வருகிறான், இரண்டு பேராக வருகிறவன் வியாபாரத்துக்கு வருகிறான், தனியாக வருகிறவன் சாவதற்கு வருகிறான் என்று அவர்களுக்கு நினைப்பு. காலையில் கதவை உடைக்க வேண்டும், போலீஸ் வரும், லாட்ஜின் பெயர் கெட்டுப்போகும். அதிலும் பெண். அதிலும் தாழ்ப்பாள் விழுமா என்று கேட்கிறாள்.

"பையக் கொஞ்சம் தொறந்து காட்டுறீகளா? தப்பா நெனைக்காதீக."

அவள் தப்பாக நினைக்கவில்லை. மேஜை மேலேயே திறந்து வைத்தாள். இரண்டு சேலை, சோப்பு டப்பா, ஒரு டம்ளர், மடித்த மேப், எல்லாவற்றுக்கும் மேலே சுருட்டி வைத்த கயிறு.

கிதர் முகம்மது அந்தக் கயிற்றைப் பார்த்தான். அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"துணி காயப்போடுற கயிறு தம்பி அது."

"அதுக்கில்லம்மா. தனி ஆளுக்கு ரூம் குடுக்குறதில்ல. மொதலாளி உத்தரவு. தெரிஞ்சவுக வீடு எதும் இல்லையா இங்ஙன?"

"தெரிஞ்சவுக இல்லாத ஊருன்னுதான தேடி வந்தேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு கயிற்றை எடுத்து, கலைந்திருந்த ஒரு சுற்றைச் சரிசெய்து, பைக்குள் வைத்துப் பட்டையை மாட்டினாள்.

4

இங்கே கண்ணம்மாள் என்று ஒருத்தியைக் கொண்டுவந்தேன். கல்யாணத்துக்கு வந்து அதே லாட்ஜில் தங்கியிருக்கும் ஒட்டன்சத்திரத்துக்காரி. பெஞ்சில் இருந்து எழுந்து வருகிறாள். "ஏனுங்க தம்பி, எங்க நாத்தனாருன்னு எழுதிக்கங்க. எங்க ரூம்லயே இருந்துட்டுப் போகட்டும்ங்க." சண்முகவள்ளிக்கு இடம் கிடைத்துவிடுகிறது. ஒரே அறையில் ஏழு பேர். அவள் மடியில் ஒரு குழந்தை. கதவைத் தாழ்போட முடியாது, ஆட்கள் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். காலையில் கண்ணம்மாள், "எங்க சித்தப்பா மகன் ஒருத்தர் இருக்காருங்க" என்று ஆரம்பிக்கிறாள்.

இந்த முடிவைப் படித்துப் பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு இது திருட்டாகப்படுகிறது. அவள் எதை விட்டுவிட்டு வந்தாளோ, அதையே அவள் தலையில் கட்டிவிட்டேன்.

இன்னொரு முடிவு. கிதர் முகம்மது அவளைப் பேகம்பூரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். அவன் அம்மா அஜீஸுன்னிசா, "ஒத்தையிலயா வந்தே? நல்ல தைரியம்மா ஒனக்கு. மொதல்ல சாப்புடு" என்று சொல்லி, உள்ளறையைக் காட்டிக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறாள். என் அம்மா நிச்சயமாக அப்படித்தான் செய்திருப்பார்.

ஆமாம், என் அம்மா.

5

கிளார்க் நான்தான். எந்த முதலாளியும் உத்தரவு போடவில்லை. அந்த வாரம் அவர் ஊரிலேயே இல்லை. பயந்தவன் நான். அவள் படியிறங்கியதும் ரிஜிஸ்தரில் அவள் எழுதிய வரியை ஸ்கேலை வைத்து நேராக அடித்தேன். கோடு அத்தனை ஒழுங்காக விழுந்தது. அவள் இடது கைப்பக்கம், கோட்டைக்குப் போகும் தெருவில் திரும்பினாள். இருட்ட ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அடித்த பிறகும் டீச்சர் எழுத்து கோட்டுக்குக் கீழே நன்றாகத் தெரிந்தது. பெயரும் ஊரும் எனக்கு அப்படித்தான் மறக்காமல் நின்றுவிட்டன. இந்தக் கதையில் அடித்தவற்றை எல்லாம் நான் மறைக்காமல் விட்டதற்கும் அதுதான் காரணம்.

முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. எழுந்துகொள்கிறேன், நீங்கள் வந்து உட்காருங்கள். மணி ஐந்தரை. மேஜை மேல் பை திறந்திருக்கிறது, மேலாகக் கயிறு. "வந்த காரணம்" கட்டத்தில் மை இன்னும் காயவில்லை. தாப்பா நல்லா விழுமா என்று அவள் கேட்டுவிட்டு நிற்கிறாள். ஏழாம் நம்பர் அறையில் நன்றாகவே விழும். சாவி உங்கள் வலதுபக்கம் ஆணியில் தொங்குகிறது. பேனா ரிஜிஸ்தர் மேல் இருக்கிறது.

ஸ்கேலை மட்டும் நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.