நாலு என்றால் நாலரை

நான் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன். ஒன்பது மாடிக் கட்டடம். அதில் பத்தாவது மாடி வரைக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருத்தர்கூடப் புகார் கொடுத்ததில்லை. நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் ஞாயிறு காலை கூடி ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள் என் பேச்சை ஏன் நம்புவதில்லை என்று நீங்கள் பிறகு கேட்கக் கூடாது, அதற்காகத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஒட்டுப்போர்வை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முழுசாக இருக்கும் துணியைக் கட்டம் கட்டமாக வெட்டி, மறுபடி முழுசாகத் தைக்க வேண்டும். அப்புறம் எதற்கு வெட்டினோம் என்று கேட்டால் கணக்கு டீச்சருக்குக் கோபம் வரும். பள்ளியிலிருந்து ரிட்டையராகிப் பத்து வருஷம் ஆகியும் அந்த அம்மா கையில் இஞ்ச் டேப் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. மற்ற இரண்டு பேர், ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர். டாக்டர் சின்னப் பெண். டிரைவருக்கு விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம் தடிமன், ஆனால் எங்களிலேயே பொடித்தையல் அவருடையதுதான்.

ஊசியைத் தொடுவதற்கு முன்னால் புலம்பல் சுற்று. ஆளுக்கு மூன்று நிமிஷம். அந்த வாரத் தையலில் என்ன வயிற்றெரிச்சலோ அதைக் கொட்டிவிட வேண்டும். கேட்கிறவர்கள் யோசனை சொல்லக் கூடாது, "அடடா" மட்டும் சொல்லலாம்.

"சிவப்புத் துணி சாயம் போயிடுச்சு. வெள்ளைக் கட்டம் எல்லாம் ரோஸ் கலர். மொத்தமா விரிச்சுப் பார்த்தா ஈறு மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போயும் எனக்கு வாய்தானா?" என்பார் டாக்டர்.

"அடடா."

"மடியில வச்சுத் தைச்சேனா," என்பார் டிரைவர், "பெல் அடிச்சுது, எந்திரிச்சேன். போர்வையும் கூடவே எந்திரிச்சுது. பேன்ட்டோட சேர்த்துத் தைச்சிருக்கேன். அப்படியே போய்க் கதவைத் திறந்தேன். மச்சான் வந்திருக்கான். ஒரு வார்த்தை கேக்கலையே, படுபாவி!"

"அடடா."

என் முறை வந்தால் நானும் சொல்வேன். என் மெஷின் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டதையும், ஒரே நூல்கண்டில் நாலு மாதமாகத் தைத்தும் அது பெருத்துக்கொண்டே போவதையும் சொல்லியிருக்கிறேன். "உண்மையான புலம்பலா இருக்கணும்" என்று டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். நான் முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருப்பேன். முகம் மாறி எட்டு மாதம் ஆகிறது.

எட்டு மாதத்துக்கு முன்னால் என் மகன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். முப்பத்தொன்பது வயசு. எனக்கு அழுகை வரவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கே சங்கடமாக இருந்தது. கண் டாக்டரிடம் போனேன். கண் உலர்ந்திருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். காலையில் இரண்டு சொட்டு, மாலையில் இரண்டு சொட்டு. இது நிஜம்.

மருமகள் அவன் துணிகளையெல்லாம் கொடுத்துவிட்டு நாலு சட்டையை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, குளிர் அதிகமாம். "இதுல எனக்கு ஒரு போர்வை வேணும் மாமா" என்று சொல்லி, சட்டையை என் கையில் கொடுத்து, இந்த அறையில் கொண்டுவந்து உட்கார வைத்ததும் அவள்தான். அவள் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும். எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

டீச்சர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நாலு இஞ்ச் கட்டம். அகலத்துக்குப் பன்னிரண்டு, நீளத்துக்குப் பதினாறு. சட்டைக்கு நாற்பத்தெட்டு. நான் வீட்டில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து வெட்டினேன். ஒரு நூல் பிசகாமல் நாலு இஞ்ச். அரைக்கைச் சட்டைகள், மிஞ்சியது காலரும் பட்டன் பட்டியும்தான். வெட்டும்போது ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். கத்தரி நன்றாக வெட்டுகிறது என்று தோன்றியது.

ஐந்து மாதம் தைத்தேன். கடைசி வரிசையைச் சேர்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை கட்டிலில் விரித்தேன். குட்டையாக இருந்தது.

மறுநாள் என் முறை வந்தது.

"நாலு இஞ்ச் கட்டத்தை நாலு இஞ்ச்சாவே வெட்டிட்டேன். நூத்தித் தொண்ணூத்திரெண்டையும்."

அப்படி ஒரு சிரிப்பை அந்த அறை கேட்டதில்லை. டிரைவர் தொடையில் தட்டிக்கொண்டார். "பெரியவரே, மெஷின் கதையைத் தூக்கிச் சாப்பிட்டுது இது!"

டாக்டருக்குப் புரையேறியது. "ஒண்ணு ரெண்டு வெட்டினேன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்போம் சார். நூத்தித் தொண்ணூத்திரெண்டா?"

எங்கள் குழுவில் நாலு என்றால் நாலரை. கட்டத்தின் நாலு பக்கமும் கால் கால் இஞ்ச் தையலுக்குள் மறைந்துவிடும், அதனால் அரை இஞ்ச் சேர்த்துத்தான் வெட்டுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம், ஆகவே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான் பையிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தேன். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. டீச்சர் டேப் வைத்தார். அறுபத்துநாலு இருக்க வேண்டிய நீளம் ஐம்பத்தாறு. மறுபடி வைத்தார். அதேதான்.

"உங்க மருமக என்னைவிட உசரமாச்சே," என்றார்.

"ஆமா. கால் வெளியில நிக்கும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அடடா," என்றார், மெதுவாக.

அன்று மத்தியானமே போன் செய்தேன்.

"எவ்வளவு குறையுது மாமா?"

"எட்டு இஞ்ச்மா."

"மிச்சத் துணி?"

"காலர் இருக்கு. கழுத்துல குத்தும்."

ஒரு கதை அவிழ்த்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை நானே வரேன்," என்று வைத்துவிட்டாள்.

வந்தாள். கையில் ஒரு மீட்டர் மஞ்சள் துணி. சாதாரண மஞ்சள் இல்லை, பஸ் ஸ்டாண்டில் மாட்டினால் வண்டிகள் நின்றுவிடும்.

"அவனுக்கு மஞ்சள்னாலே ஆகாதேம்மா," என்றேன்.

"தெரியும். பத்து வருஷமா வீட்டுல ஒரு மஞ்சள் டவல் வாங்க விட்டாரா?"

"அப்புறம் எதுக்கு?"

"அவரா மாமா போர்த்திக்கப் போறார்? நான்தானே. எனக்குக் கால் குளிரும்."

டிரைவர் ஊசிப் பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். டீச்சர் துணியை வாங்கி, நூல் ஓட்டம் பார்த்து, சாக்பீஸ் கோடு போட்டார். "எட்டரை," என்று என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "எட்டு இல்லை. எட்டரை." நான் வெட்டினேன். டாக்டர் மெஷினில் ஓட்டினார். நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி, மூன்றையும் சேர்த்து ஊக்குக் குத்தினோம்.

"அளவு பார்த்துடலாம்," என்று மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு வெட்டும் மேஜையில் ஏறி நீட்டிப் படுத்தாள். டீச்சரும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிட்டோம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் ஒரு மேஜைமேல் துணி போர்த்திப் படுத்திருந்த ஆளை நான் பார்த்தபோது தலை மூடியிருந்தது. கால்தான் வெளியே இருந்தது. கால் கட்டைவிரலைப் பார்த்துத்தான் இவன்தான் என்று கையெழுத்துப் போட்டேன்.

"மாமா, கால் மறையுதா?"

"மறையுது."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. உங்களை நம்ப முடியாது."

நான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். மஞ்சளுக்குள் இரண்டு மேடு. விரல் எதுவும் தெரியவில்லை.

"மறைஞ்சிருக்கும்மா."

"தலை?"

"வெளியில இருக்கு."

"அப்ப சரி," என்று கண்ணை மூடினாள். எழுந்திருப்பாள் என்று நின்றோம். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது, லேசாக, நிறுத்தி நிறுத்தி.

டாக்டர் மெஷின் சுவிட்சை அணைத்தார். டிரைவர் நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்தி வைத்தார். டீச்சருக்கு அன்றைக்கு நாற்பது கட்டம் வெட்ட வேண்டியிருந்தது, இருக்கிற மேஜை ஒன்றே ஒன்று. அவர் தன் துணியைத் தரையில் விரித்து, வலிக்கிற முட்டியை ஒவ்வொன்றாக மடக்கி உட்கார்ந்தார். ஸ்கேலின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினார். நானும் உட்கார்ந்தேன்.