பதினெட்டாம் நாளுக்குப் பிறகு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக் காப்பிக்கு முன்னால், மேசைமேல் இருந்த, முட்டை பொரிக்கும் இன்குபேட்டரை ஆடாமல் அசையாமல் தூக்கிக்கொண்டுபோய்த் துணி துவைக்கும் அறையில் வைத்தேன். கதவைப் பூட்டிச் சாவியைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று பதினெட்டாம் நாள். உள்ளே பன்னிரண்டு முட்டைகள் இருந்தன. என் கணவர் வொப்பே தோட்டத்தில் காலிக் கோழிக்கூண்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கட்டிய புருஷனிடமிருந்து முட்டையை ஒளிக்கிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

முட்டை வைத்த நாளிலிருந்து தினமும் மூன்று வேளை திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். பதினெட்டாம் நாள் அடியிலிருக்கும் பள்ளத்தில் தண்ணீரை நிரப்பி மூடியை மூடிவிட்டால், குஞ்சு வெளியே வரும்வரை கை வைக்கக் கூடாது. மூடியைத் திறந்தால் ஈரம் போய், ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே வொப்பேதான். நாற்பது வருஷம் பால் லாரி ஓட்டிக்கொண்டே எங்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்து நாட்டுக்கோழியை வளர்த்தவர். இங்கே உள்ள கோழி வளர்ப்போர் சங்கத்தில் அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். என் அம்மா ஒருமுறை ஆசைப்பட்டு மூடியைத் தூக்கிப் பார்த்ததற்கு, ஒரு மாதம் அவளோடு பேச்சே கிடையாது.

அந்த மனிதருக்கு இப்போது நாள் கிழமை தெரியாது. மகளைத் தெரியாது. என்னை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. யாரோ வேலைக்கு வந்த பெண்மணி என்று நினைப்பு. குளிர்காலத்தில் இரண்டுமுறை கால்வாய்க் கரையோரம் செருப்புகூட இல்லாமல் போய்விட்டார். கோழிகளைச் சங்கத்து நண்பர் கெர்பனிடம் கொடுத்துவிட்டோம். மார்ச் மாதம் முதியோர் இல்லத்தில் அறை கிடைத்தது. திங்கட்கிழமை கொண்டுபோய்விட வேண்டும். அதற்குமுன் ஒருதடவை, ஒரே ஒரு தடவை, அவர் கையில் குஞ்சு இருப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கணக்குப் போட்டுத்தான் கெர்பனிடம் முட்டை வாங்கிவந்தேன். வெள்ளிக்கிழமை பொரிந்தால், சனி ஞாயிறு இரண்டு நாள் இருக்கும்.

பதினேழு நாளும் வீடு சொர்க்கமாக இருந்தது. காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் நான் கூப்பிடாமலே வந்து கை கழுவித் துடைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து, வட்டத்திலிருந்து பெருக்கல், பெருக்கலிலிருந்து வட்டம் என்று ஒவ்வொன்றாகத் திருப்புவார். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத அந்த விரல்கள் ஒரு முட்டையைக்கூட இடிக்கவில்லை. கரைக்குப் போகவில்லை, கத்தவில்லை. எண்ணிக்கைதான் மறந்துபோயிற்று. எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் அவர் மண்டை தொலைத்துவிட்டது.

செவ்வாய் மதியம் மேசையைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். ஓவனைத் திறந்தார், ரொட்டி டப்பாவைத் திறந்தார்.

"என் முட்டைங்க எங்க?"

"பத்திரமா இருக்கு வொப்பே. இனிமே திருப்பக் கூடாது. நீதான சொல்லுவ?"

"நான் எப்பங்க சொன்னேன்? திருப்பலைன்னா செத்துடுங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

சாயங்காலம் உருளைக்கிழங்குக் கூடையைக் கொட்டிவிட்டு, கிழங்குகளை வரிசையாக அடுக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கிழங்கைக் கொடுத்தும் ஏமாறவில்லை. துவைக்கும் அறைக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். எழுபத்து நான்கு வயது ஆம்பிளை, சத்தமாக, மூக்கு ஒழுக. அவருடைய அம்மா செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பொரிய இன்னும் இரண்டு நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடியவில்லை. சாவியை எடுத்துத் திறந்துவிட்டேன்.

உள்ளே போனவர் கை கழுவினார். பன்னிரண்டையும் திருப்பினார். "நல்ல சூடா இருக்குங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மூடியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரமெல்லாம் காய்ந்துபோயிருந்தது. வெந்நீர் கொண்டுவந்து பள்ளத்தில் ஊற்றினேன். வேறு என்ன செய்வது?

வியாழக்கிழமை காலை மூடியைத் திறந்ததும் சத்தம் கேட்டது. சன்னமாக, ஒரே ஒரு முட்டையிலிருந்து. ஓட்டில் கடுகளவு ஓட்டை. அவர் அதை எடுத்துத் தன் காதில் வைத்தார். பிறகு என் காதில் வைத்தார்.

"சீட்ஸ்கே, கேளேன். நம்ம கோழி பேசுது."

என் பெயர். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு என் பெயர், அந்தப் பழைய குரலில். நான் "ஆமா" என்று சொல்வதற்குள், அவர் முட்டையைத் திரும்ப வைத்துவிட்டார். அடுத்தது வட்டம் மேலே வர வேண்டிய முறை. குஞ்சு மூச்சுவிடும் ஓட்டை கீழே போய்விட்டது.

அவர் போனபின் அதை நிமிர்த்தி வைத்தேன். மதியம் அவர் மறுபடி கவிழ்த்தார். மறுபடி நிமிர்த்தினேன். மூடியை யார் அதிக தடவை திறந்தது என்று கேட்டால், சங்கத்தில் என்னைத்தான் தூக்கில் போடுவார்கள். சாயங்காலம் சத்தம் இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. அவர் மட்டும் வேளை தவறாமல் வந்தார். என் பெயரும் திரும்ப வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டார்:

"இன்னிக்கி எத்தனாவது நாளுங்க?"

"பத்தாவது" என்றேன். வாயில் வந்த எண் அதுதான்.

"அப்ப நேரம் இருக்கு" என்று நிம்மதியாகப் போய் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மகள் ஆஃப்கே காரோடு வந்தாள். பெட்டியை ஏற்றினோம், கோட்டை மாட்டினோம். வாசல்வரை வந்தவர் நின்றுவிட்டார்.

"நான் வரமாட்டேன். நேத்துதான் பத்தாவது நாளு. இன்னும் பத்து நாள் இருக்கு. விட்டுட்டு எப்படி வர்றது?"

ஆஃப்கே என்னைப் பார்த்தாள். "என்னம்மா இது? முட்டையெல்லாம் இன்னும் உயிரோடயா இருக்கு?"

"நீ சும்மா இரு" என்றேன். அவரிடம் போனேன். "நான் திருப்பறேன். என்கிட்ட விட்டுட்டுப் போங்க."

நானும் "நீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு வருமா? மூணு வேளை. கையக் கழுவிக்கணும். படக்குன்னு திருப்பக் கூடாது."

"சரி."

"உங்க பேரு என்ன?"

"சீட்ஸ்கே."

"என் பொண்டாட்டி பேரும் அதான்" என்றார். "அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கேன். ஆனா அவளுக்குப் பொறுமை கிடையாது. அவகிட்ட விட்றாதீங்க."

"விடமாட்டேன்."

கை கொடுத்தார். கோழிச் சந்தையில் பேரம் முடிந்தால் கொடுப்பதுபோல, ஒருதடவை அழுத்திக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தார். நானும் வருகிறேன் என்றால் முட்டையை யார் பார்ப்பது என்று கேட்பார். அதனால் நான் போகவில்லை. கார் பாலத்தைத் தாண்டும்வரை வாசலில் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் வந்து அவர் குடித்த கோப்பையைக் கழுவினேன். மெஷினை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ரோஜாச் செடியடியில் புதைக்க வேண்டும். மண்வெட்டியை எடுத்துச் சுவரில் சாத்தியும் வைத்தேன். சர்ச்சில் பன்னிரண்டு மணி அடித்தது. துவைக்கும் அறைக்குப் போய், கையைக் கழுவித் துடைத்து, மூடியைத் திறந்தேன். பன்னிரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன. முதல் முட்டையை எடுத்து, படக்கென்று இல்லாமல், மெதுவாகத் திருப்பி வைத்தேன். பிறகு அடுத்தது.