பழுது அலமாரி

எங்கள் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் புதிதாக ஒன்று செய்ய நாற்பது விதிகள் உண்டு. சும்மா இருக்க ஒரு விதியும் கிடையாது. ஆகவே சும்மா இருப்பதை நாங்கள் சிறப்பாகச் செய்துவந்தோம். நான்தான் மேனேஜர்.

இந்த ஒழுங்கைக் கெடுத்தவன் ஸ்டோர்கீப்பர் யேசுதாஸ். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவன். ஆபீஸ் போகும் பெண்கள் எல்லாரும் நைலக்ஸ் சேலைக்கு மாறிவிட்டதை பஸ்ஸிலேயே பார்த்துவிட்டு, ஜரிகை இல்லாமல், விரல் அகலக் கரையோடு லேசான பட்டுச் சேலை ஒன்றை யோசித்தான். மாதிரிச் சேலையை ஒப்புதலுக்காகச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினோம். பதினான்கு மாதம் பதிலே இல்லை.

“சார், புது டிசைன்னாதான் மெட்ராஸ் ஒப்புக்கணும். பழுதுன்னு எழுதினா உங்க கையெழுத்தே போதும், உடனே வித்துடலாம்,” என்றான்.

விதியைப் படித்துப் பார்த்தேன். படுபாவி சொன்னது சரிதான். கையெழுத்துப் போட்டேன்.

நெய்து கொடுத்தவர் பொன்னியம்மாள். சங்கத்திலேயே சுத்தமான நெசவு அந்த அம்மாளுடையது. மூலையில் கிடந்த பழுது அலமாரி முன்னால் பெண்கள் முட்டி மோதினார்கள். “இதே பழுதுல பச்சை இருக்குதா?” என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் இளங்கோவன் வந்தார். வருஷத்தில் மூன்று சேலைக்கு மேல் பழுதானால் அந்தத் தறிக்குச் சங்கம் நெய்வதற்கான பாவு நூல் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் நாங்கள் இருவரும் மறந்து தொலைத்திருந்தோம். பொன்னியம்மாள் பெயரில் முப்பத்தெட்டு பழுது. பாவு இல்லாவிட்டால் அவர் வீட்டில் தறியும் தூங்கும், அடுப்பும் தூங்கும்.

இளங்கோவன் அவரை வரச் சொன்னார். வந்த பொன்னியம்மாள் அலமாரியைப் பார்த்தார்.

“இதெல்லாம் பழுதா? பதினெட்டு வருசமா நெய்துக்கினு இருக்கிறேன், ஒரு இழை தப்பினதில்ல. எவன்பா எழுதினது?” என்று கேட்டார்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

யேசுதாஸ் ஒரு சேலையைப் பிரித்து மேஜைமேல் விரித்தான். “அந்தம்மா கையில பழுதே இல்ல சார். ஒப்புதல் இல்லாம புதுச் சேலை போட்டது நான். என் பேர்ல எழுதிக்குங்க.”

இளங்கோவன் சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிரமாதமா இருக்குதுபா,” என்றார். பிறகு பேனாவைத் திறந்து, அவனை வேலையிலிருந்து நீக்கச் சிபாரிசு எழுதினார். அவன் மேனேஜரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதாகவும் ஒரு வரி சேர்த்தார். யேசுதாஸ் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

பொன்னியம்மாளுக்குப் பாவு கிடைத்தது. வாங்கும்போது என் முகத்தை அவர் பார்ப்பதில்லை.

அலமாரி காலியானதும் அந்தப் பெண்கள் வருவது நின்றது. விற்பனை பழையபடி படுத்துக்கொண்டது. மறுவருஷம், ஒரு பழுதுகூட இல்லாத சங்கம் என்று சென்னையில் எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.